தேயாத பக்கம்

சடையன் இருபத்தாறு வருடம் தறி ஓட்டியவன். மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு தறிப் பட்டறை. எட்டுத் தறிக்கு அவன் ஒருத்தன். எட்டும் சேர்ந்து அடிக்கும்போது அடுத்து எது நிற்கப் போகிறது என்று சத்தத்தை வைத்தே வாசலில் நின்றபடி சொல்லிவிடுவான். அப்படிப்பட்ட ஆள்தான் நாற்பத்து நான்கு வயதில், பிரேக் எப்படிப் பிடிக்கிறது என்று தெரியாமல் என் கடைப் படி ஏறினான். என் கடை திருச்செங்கோட்டில், சங்ககிரி ரோட்டில் இருக்கிறது. லாரிக்கும் டெம்போவுக்கும் ஸ்பேர் விற்கிறேன்.

பட்டறையை மூடியபோது முதலாளி தறிகளை உடைத்து இரும்புக்குப் போட்டுவிட்டார். பாவு நூல் சுற்றிய பீம் ஏற்றிப் போகிற டெம்போ மட்டும் மிச்சம் நின்றது. 2004 மாடல். அதைச் சடையன் கேட்டு வாங்கிக்கொண்டான். பீம் ஏற்றி இறக்க அவ்வப்போது ஓட்டியிருக்கிறான், லைசென்சும் உண்டு. ஓட்டத் தெரியும். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது.

மனைவி பெயர் ஆராயி. அதே பட்டறையில் தறிக்குத் தார்க்குச்சியில் நூல் சுற்றிப் போட்டவள். பட்டறையோடு அவள் வேலையும் போனது. கிளீனர் வைத்தால் கட்டுப்படியாகாது என்று அவளே வண்டியில் ஏறிக்கொண்டாள். தார்ப்பாய் கட்டுவாள், ரிவர்ஸ் பார்ப்பாள், வண்டி நின்றதும் இறங்கிச் சக்கரத்துக்கு அடியில் மரக்கட்டை போடுவாள். அந்த வண்டியில் ஹேண்ட் பிரேக் எந்தக் காலத்திலோ செத்துப்போயிருந்தது. நிறுத்தினால் கட்டைதான் பிடிக்க வேண்டும்.

பெண் ஒருத்தி கிளீனராகப் போவதை எங்கள் ஊர் ரோடு சும்மா பார்த்துக்கொண்டிருக்குமா? ஒரு டீக்கடையில் லாரி டிரைவர் ஒருவன் கேட்டிருக்கிறான்.

"ஏனுங்கக்கா, உங்கூட்டுக்காரருக்குக் கியரும் நீங்கதான் போட்டுக் குடுப்பீங்களா?"

"அவருக்குக் கியர் தெரியும் சாமி. உன்ர வாய்க்குத்தான் ரிவர்ஸ் இல்லை" என்றாளாம்.

மகள் இனியா நர்சிங் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தாள். வண்டி ஓடினால்தான் அந்தக் குடும்பம் ஓடும். அந்த வண்டி நிற்க வேண்டிய இடத்தில் நின்றால்தான் ஆராயி வீட்டுக்கு வந்து சேருவாள்.

வாங்கி நான்கு மாதத்தில் முன்சக்கரத்தில் கர்ரென்று சத்தம் கேட்டது. சத்தம் கேட்டே பழகினவன், இடது பக்கம் என்று உடனே கண்டுபிடித்துவிட்டான். மெக்கானிக்கைத் தேடவில்லை. அவனே ஜாக்கி போட்டுச் சக்கரத்தைக் கழற்றினான்.

கடைக்கு வந்தது ஒரு வெள்ளிக்கிழமை காலை. போர்வெல் ரிக் வண்டிக்காரர்கள் நான்கு பேர் ஹோஸ் பைப்புக்கு நின்றார்கள். சடையன் அவர்களுக்குப் பின்னால் அரை மணி நேரம் நின்றான். முறை வந்ததும் வேஸ்ட் துணியில் சுற்றியிருந்த ஒன்றை மேஜையில் வைத்துப் பிரித்தான். பிரேக் ஷூ. டிரம்முக்குள் இருக்கிற பிறை போன்ற இரும்பு. அதன் முதுகில் இருக்கிற லைனிங்தான் டிரம்மை உரசி வண்டியை நிறுத்தும். அவன் கொண்டுவந்ததில் லைனிங் என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. ரிவிட் தலைகள் பளபளவென்று தெரிந்தன.

"சாம்பிள் கொண்டாந்திருக்கறனுங்க. இதேமாதிரி குடுங்க."

"எந்தச் சக்கரம்?"

"முன்னாடிங்க. பீச்சாங்கைப் பக்கம்."

"முன்னாடிக்குச் செட்டாத்தான் வரும். ரெண்டு பக்கத்துக்கும் சேத்து நாலு ஷூ."

"ரெண்டு போதுங்கண்ணா. சோத்தாங்கைப் பக்கம் கழட்டிப் பாத்துட்டேன். புதுசாட்டம் இருக்குது."

நான் அந்த இடத்தில் நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். ஒரே வண்டி, ஒரே பெடல், ஒரே ரோடு. ஒரு பக்கம் ரிவிட் வரைக்கும் தேய்ந்து மறுபக்கம் புதுசாட்டம் இருந்தால் என்ன அர்த்தம்? தேய்ந்த பக்கம் வேலை செய்திருக்கிறது. தேயாத பக்கம் சும்மா இருந்திருக்கிறது. கோளாறு தேயாத பக்கத்தில். இருபது வருடம் இந்த மேஜைக்குப் பின்னால் நிற்கிறவனுக்கு இது தெரியாதா? தெரியும். ரிக்காரன் ஒருவன் "அண்ணா, என்ர ஹோஸ் என்னாச்சு?" என்று கத்திக்கொண்டிருந்தான். சடையன் சொன்னது என் காதில் விழுந்தது. மண்டைக்குள் போகவில்லை.

அவன்மேல் தப்புச் சொல்ல முடியாது. தறியில் ஊடை நூலோடு ஓடுகிற நாடாவை இந்தப் பக்கத்திலிருந்தும் அந்தப் பக்கத்திலிருந்தும் அடித்து அனுப்ப இரண்டு பிக்கர் உண்டு. இடது பிக்கர் தேய்ந்தால் இடதைத்தான் மாற்றுவார்கள். நன்றாக இருக்கிற வலதை எவனும் தொடமாட்டான். தொட்டால் முதலாளி திட்டுவார். தேய்ந்தது கெட்டது, தேயாதது நல்லது. இருபத்தாறு வருடம் அவன் கை படித்த பாடம் அது. அதைத்தான் டெம்போவிலும் செய்தான். ஊர் வழக்கப்படி சாம்பிளும் கொண்டுவந்தான். ஆனால் கொண்டுவந்தது ஒழுங்காக வேலை பார்த்த பக்கத்து ஷூ. சீக்குப் பிடித்த பக்கம் வண்டியிலேயே இருந்தது.

மூன்று விதம் எடுத்துப் போட்டேன். ஒன்று கம்பெனி டப்பா. ஒன்று லோக்கல். ஒன்று பழைய ஷூவில் புது லைனிங் அடித்தது. ஒவ்வொன்றையும் நகத்தால் கீறிப் பார்த்தான். மேஜை விளிம்பில் தட்டிக் காதருகே வைத்தான்.

"ஏப்பா, தேங்காயா வாங்கறே?" என்றான் ரிக்காரன். எல்லாரும் சிரித்தார்கள். சடையனும் சிரித்தான்.

"தேங்காய்க்குத் தண்ணிச் சத்தம் கேக்கோணும். இதுக்கு என்னங்க கேக்கோணும்?"

உண்மையாகத்தான் கேட்டான். நான் ஹோஸ் பைப்பை அளக்கப் போய்விட்டேன். கடைசியில் இருப்பதிலேயே கெட்டியானதைப் பொறுக்கினான், அந்த லோக்கல் செட்டை.

"இது நெம்பக் கெட்டி. நாள்பட வரும்."

"கெட்டியா இருந்தா டிரம்மைக் கடிக்கறது கம்மியாத்தான் இருக்கும்" என்று சொன்னேன். சொன்ன மாதிரிதான் ஞாபகம். ஹோஸ் பைப்பை அளந்துகொண்டே சொன்னால் அது சொன்னதில் சேருமா என்று தெரியவில்லை. டப்பாவைக் கிழித்து, செட்டை உடைத்து, இரண்டு ஷூவை அவனிடம் கொடுத்தேன். மீதி இரண்டை மேஜை இழுப்பறையில் போட்டேன். செட்டை உடைத்து விற்பது இங்கே புதுசில்லை. கேட்டால் கொடுப்போம். கொடுக்காவிட்டால் பக்கத்துக் கடைக்காரன் கொடுப்பான்.

புது ஷூ மாட்டியதும், பிரேக் மிதித்தால் வண்டி இடது பக்கம் இழுத்தது. முன்பும் இழுத்துக்கொண்டுதான் இருந்தது. பட்டறையில் இருந்த பழைய டிரைவர் மிதிக்கும்போதெல்லாம் ஸ்டியரிங்கைக் கொஞ்சம் வலது பக்கம் பிடித்துக்கொள்வான். அது வண்டியின் குணம் என்று எல்லாரும் நினைத்திருந்தார்கள். இப்போது இழுப்பு அதிகம். மிதித்தால் ரோட்டோரத்துப் புளியமரத்தைப் பார்த்து ஓடியது.

"ஏனுங்க, எனக்கு இந்த மரத்துமேல ஏற ஆசையில்லீங்க" என்றாளாம் ஆராயி.

"இரு புள்ள, செரி பண்ணிடறேன்."

செய்தான். அதுவும் தறிக்காரன் முறைதான். தறியில் ஒரு பக்கம் அடி பலமாக விழுந்தால் அந்தப் பக்கத்தைத் தளர்த்தி மறுபக்கத்தோடு சமன் செய்வார்கள். சடையன் இடது சக்கரத்தின் பின்னால் இருக்கிற ஓட்டையில் ஸ்குரு டிரைவரை விட்டு, ஷூவை டிரம்மோடு நெருக்குகிற பல் சக்கரத்தைப் பல் பல்லாகப் பின்னால் தள்ளினான். நாலு பல் தள்ளி ஓட்டிப் பார்த்தான். இன்னும் இழுத்தது. இன்னும் நாலு பல். இழுப்பு நின்றது. கையை விட்டு மிதித்தால்கூட நேராக ஓடியது. அன்றைக்கு அவனுக்கு அவ்வளவு சந்தோஷம் என்று ஆராயி சொன்னாள்.

இழுப்பு ஏன் நின்றது? வலது முன்சக்கரம் முன்பே பிடிக்காது. இப்போது இடதும் பிடிக்கவில்லை. இரண்டு பக்கமும் சமம்தான். அது ஒரே பிரேக் லைன் இருக்கிற பழைய வண்டி வேறு. தளர்த்திவிட்ட ஷூ டிரம்மைத் தொடுவதற்குள் பெடல் பாதாளத்துக்குப் போய்விடும், பின்சக்கரத்துக்கும் அழுத்தம் போகாது. இரண்டாவது தடவை மிதித்தால்தான் எல்லாம் பிடிக்கும். அவன் பழகிக்கொண்டான். முதல் மிதி சும்மா, இரண்டாவது மிதி பிரேக். காலியாகப் போகும்போதும், நேர் ரோட்டிலும், தூரத்திலேயே பார்த்து மிதித்துச் சமாளித்தான்.

ஒரு தடவை பிரேக் ஆயில் வாங்கக் கடைக்கு வந்தான்.

"ரெண்டு மிதி மிதிச்சாத்தான் புடிக்குதுங்கண்ணா. ஆயில் ஊத்துனா செரியாயிருமுங்களா?"

"காத்து ஏறியிருக்கும். மெக்கானிக்கிட்ட விட்டுக் காத்தெடு."

"விட்டா மூணு நாள் நிறுத்திப்போடுவான். மரவள்ளிக் கெழங்கு சீசனு. தெனமும் லோடு இருக்குது."

"அப்பறம் உன்னிஷ்டம்" என்றேன். வண்டி வாசலில்தான் நின்றது. முன்சீட்டில் ஆராயி உட்கார்ந்து நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். பத்தடி நடந்து போய் ஒரு மிதி மிதித்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நான் போகவில்லை.

அதற்கு ஒன்பதாம் நாள் அது நடந்தது. இதை ஆராயிதான் எனக்குச் சொன்னாள். சடையன் இன்றுவரைக்கும் வாய் திறந்து சொன்னதில்லை.

மல்லசமுத்திரம் பக்கத்துச் சேகோ மில்லில் ஜவ்வரிசி மூட்டை ஏற்றி, சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு குடோனில் இறக்கப் போயிருக்கிறார்கள். காலை பதினோரு மணி. லேசாகத் தூறியிருந்தது. குடோன் ரோட்டைவிடத் தாழ்வாக இருக்கும், வண்டியைச் சரிவில் பின்பக்கமாகத்தான் இறக்க வேண்டும். ஆராயி எப்போதும்போலக் கட்டையோடு இறங்கி, இடது பின்சக்கரத்தின் பக்கம் நின்று, "வாங்க, வாங்க, வாங்க" என்று கூப்பிட்டிருக்கிறாள்.

"போதுங்க" என்றாள். அவன் மிதித்தான். வண்டி நின்ற மாதிரி இருந்தது. அது பிரேக் பிடித்து நின்றதில்லை, ஒரு பள்ளத்தில் சக்கரம் உட்கார்ந்து நின்றது. அது தெரியாமல் அவன் காலைத் தளர்த்தினான். அவள் குனிந்து கட்டையை வைத்தாள். வைக்கும்போது சரிவின் இழுப்பில் சக்கரம் பள்ளத்தை விட்டு ஏறி நகர்ந்தது. "புடிங்க, புடிங்க" என்று கத்தினாள். அவன் மிதித்தான், பெடல் கீழே போனது. மறுபடி மிதித்தான், பிடித்தது. இரண்டு மிதிக்கும் நடுவில் எவ்வளவு நேரம் இருக்கும்? ஒரு தும்மல் நேரம். சக்கரம் ஒரு முழம்கூட நகரவில்லை. கட்டைக்கும் சக்கரத்துக்கும் நடுவில் அவள் வலது கை இருந்தது. மேலே இரண்டு டன் ஜவ்வரிசி இருந்தது.

கை உள்ளே இருக்கும்போது அவள் சொன்னது ஒன்றுதான். "காலை எடுத்துறாதீங்க." அவன் எடுக்கவில்லை. குடோன் ஆட்கள் ஜாக்கி கொண்டுவந்து தூக்கும் வரைக்கும், காலை எடுக்காமல், கீழே இறங்கி அவளைப் பார்க்கவும் முடியாமல், பெடலை மிதித்தபடியே சீட்டில் உட்கார்ந்திருந்தான். பதினைந்து நிமிடம் என்றாள். அவன் அழுதுகொண்டிருந்தது அவளுக்குக் கேட்டதாம்.

பெரிய ஆஸ்பத்திரியில் மணிக்கட்டோடு எடுத்துவிட்டார்கள். இனியா லீவு போட்டு வந்து அம்மாவுக்கு மாதக்கணக்கில் கட்டு மாற்றினாள்.

ஒரு மாதம் கழித்துச் சடையன் கடைக்கு வந்தான். தாடி விட்டிருந்தான். அன்றைக்கும் கையில் வேஸ்ட் துணி. மேஜையில் வைத்துப் பிரித்தான். வலது பக்கத்து ஷூ. லைனிங் முழுசாக இருந்தது. மேலே துருத் தூசி மட்டும்.

"அண்ணா, இது சோத்தாங்கைப் பக்கத்துது. பாருங்க. புதுசாட்டந்தான இருக்குது?"

லைனிங்கை விரலால் தடவிப் பார்த்தேன்.

"மெக்கானிக்கு சொல்றான், உள்ள சிலிண்டரு துருப்புடிச்சு ஒட்டிக்கிச்சாமா. வருசக்கணக்கா இது வேலையே செய்யலீங்களாமா. அதனாலதான் தேயலையாமா." ஷூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "நல்லா இருக்குதுன்னு நானே தொடைச்சு மாட்டுனனுங்க."

அவன் என்னைத் திட்ட வந்தானோ என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை. அவனுக்கு அது தோன்றவே இல்லை. செட்டை உடைத்துக் கொடுத்தவன் நான் என்பதும், புதுசாட்டம் என்று சொன்னபோது கேட்டுக்கொண்டு நின்றவன் நான் என்பதும் அவன் கணக்கிலேயே இல்லை. நானாகத்தான் சொன்னேன்.

"அன்னைக்கே நான் கேட்டிருக்கோணும் சடையா."

"நீங்க என்னங்கண்ணா பண்ணுவீங்க, நான் கேட்டதத்தான குடுத்தீங்க" என்றான். ஷூவை மறுபடி துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனான். எதற்கு என்று தெரியவில்லை.

அவன் அதற்குப் பிறகு ஸ்டியரிங்கைத் தொடவில்லை. டிரைவர் வைத்து ஓட்டலாம் என்று ஆராயி சொல்லிப் பார்த்தாள், கேட்கவில்லை. வண்டி ஆறு மாதம் வெயிலில் நின்றது. கடைசியில் ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து யோகேஷ் என்று ஒரு பையன், முப்பது வயது இருக்கும், வாங்கிக்கொள்கிறேன் என்றான். அரிசி மில்லிலிருந்து தவிடு ஏற்ற வேண்டுமாம்.

விலை பேசி முடித்த மறுநாள் புருஷனும் பெண்டாட்டியும் பஸ்ஸில் என் கடைக்கு வந்தார்கள்.

"நாலு சக்கரத்துக்கும் லைனிங் ஷூ குடுங்கண்ணா" என்றான். "எட்டு சிலிண்டரோ நாலு சிலிண்டரோ, என்ன வருமோ அத்தனையும். மாஸ்டர் சிலிண்டரு. ஹோஸு. ஹேண்ட் பிரேக் வொயரு. ஆயிலு."

"வண்டிய வித்தாச்சுன்னு சொன்னாங்க?"

"வித்தாச்சு. நாளானைக்கு வந்து எடுத்துக்குவான்."

"விக்கிற வண்டிக்கு எவனாச்சும் புது பிரேக் போடுவானா? பெயின்ட்டுதான் அடிப்பான்."

"போட்டுத்தாங்க குடுக்கோணும்" என்றாள் ஆராயி. வலது கையை முந்தானைக்குள் வைத்திருந்தாள். இடது கையால் ஒரு டப்பாவைத் தன் பக்கம் நகர்த்தினாள். "இது கெட்டியுங்களா, மெதுவுங்களா?"

"நடுத்தரம். டிரம்மைக் கடிக்கும். கொஞ்சம் சீக்கிரம் தேயும்."

"தேயட்டும். தேய்ஞ்சா வேலை செய்யுதுன்னு அர்த்தம். இல்லீங்களா?"

ஆமாம் என்றேன். ஒவ்வொரு ஷூவாக வெளியே எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, லைனிங் சமமாக இருக்கிறதா என்று குனிந்து பார்த்தாள். ரப்பர் வாஷரை விரலால் அமுக்கிப் பார்த்தாள். எந்தச் சக்கரத்துக்கு எது என்று கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டாள். கடையில் கூட்டம் இருந்தது. அன்றைக்கு நான் வேறு யாருக்கும் பதில் சொல்லவில்லை. மெக்கானிக்கையும் நானே அனுப்பி, வண்டியைக் கடை வாசலுக்குக் கட்டி இழுத்துவரச் செய்தேன். நாலு டிரம்மையும் கழற்றி எனக்குக் காட்டிவிட்டுத்தான் மாட்ட வேண்டும் என்று சொன்னேன். மாட்டிய பிறகு நானே ஏறி மிதித்துப் பார்த்தேன். பாதிப் பெடலில் கல்லு மாதிரி நின்றது.

யோகேஷ் வந்த அன்று என் கடை வாசலில்தான் சாவியைக் கொடுத்தான் சடையன். பையன் மெயின் ரோட்டில் ஒரு சுற்றுப் போய்விட்டு வந்தான். எஞ்சினை நிறுத்தாமல் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினான்.

"வண்டி நல்லாருக்குண்ணா. பிரேக்குதான் தொட்டதுமே நிக்குது. லோடு ஏத்திக்கிட்டு இப்படி நின்னா பின்னாடி வர்றவன் ஏறிடுவான். ஊருக்குப் போய்க் கொஞ்சம் லூசு பண்ணிக்கிறேன்."

சடையன் ஜன்னல் பக்கம் ஒரு அடி வைத்து நின்றுவிட்டான். ஆராயிதான் நடந்து போனாள். முந்தானையை விலக்கி, கை இல்லாத அந்த மணிக்கட்டை எடுத்து ஜன்னல் மேல் வைத்தாள்.

"லூசு பண்ணாத சாமி."

பையன் அதைப் பார்த்தான். உடனே ரோட்டைப் பார்த்தான். "ஐயோ, சரிக்கா, பண்ணலக்கா" என்றான். கியரைப் போட்டான். அவள் கையை எடுக்கும் வரைக்கும் காத்திருந்துவிட்டுப் போனான்.

வண்டி சேலம் பக்கம் திரும்பி மறைந்தது. சடையன் ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"பண்ணுவானுங்களாண்ணா?"

"பண்ணமாட்டான்" என்றேன்.

பண்ணுவான் என்று எனக்குத் தெரியும். இருபது வருடமாக இந்த மேஜையில் நின்று பார்க்கிறேன். சடையனுக்கும் தெரிந்திருக்கும். அடுத்த வாரம் நாமக்கல் பக்கத்தில் ஒரு கோழிப்பண்ணையில் முட்டை அடுக்கச் சேர வேண்டும் என்றான். டீ சொல்கிறேன் என்றேன், வேண்டாம் என்றுவிட்டார்கள். பஸ் ஸ்டாண்டுக்கு இரண்டு பேரும் நடந்தே போனார்கள்.